ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

செருப்பை அங்கேயே விடுங்க தம்பி. மிதியடி மேலே இல்லை, அதுக்குப் பக்கத்திலே. மிதியடி கால் துடைக்கறதுக்கு, செருப்புக்குப் போட்ட மெத்தை இல்லை. இந்த வடவள்ளியிலே பாதிப் பேருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்க ஓசூரிலே எப்படியோ.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். எங்க வீட்டுக்காரர் சரி பண்றேன் சரி பண்றேன்னு சொல்லிச் சொல்லி ரிட்டயரும் ஆயிட்டார். இதிலே உட்காருங்க. காபி எடுத்துக்குங்க. சர்க்கரை போடலாமான்னு கேட்கலை, போட்டுட்டேன்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு ஃபோனிலேயே சொல்லிட்டீங்க. நர்சரி வெச்சிருக்கீங்க, செம்பருத்தியிலே கலப்பு ரகமாத் தேடித் தேடிச் சேர்க்கறீங்க, முந்தின வருஷம் எங்க ஏரியா பூக்கண்காட்சியிலே யாரோ எடுத்த போட்டோ உங்க கையிலே சிக்கியிருக்கு. பால் ஊத்தாத டீ நிறத்திலே ஒரு பூ, ஓரத்திலே மஞ்சள், நடுவிலே சாம்பலும் ஊதாவுமா ஒரு கண். அதிலே ஒரு குச்சி வேணும். அவ்வளவுதானே? கிடைக்காது. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனா நீங்க, 'அந்தப் பூவை உருவாக்கினது யாருங்க'ன்னு கேட்டீங்க. வளர்த்தது யாருன்னு கேட்கலை, உருவாக்கினதுன்னு கேட்டீங்க. இத்தனை நாளிலே அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். அதுக்காகத்தான் இந்தக் காபி.

நான்தான். வேற யாரு?

செம்பருத்தின்னா நம்ம ஊர்லே என்ன? தலைக்கு அரைச்சுத் தேய்க்கறது, பிள்ளையாருக்கு ரெண்டு வைக்கறது. அதை ஒரு செடின்னே யாரும் மதிக்கறதில்லை. நான் மதிச்சேன். பூ நடுவிலேர்ந்து ஒரு குழல் நீட்டிக்கிட்டு வருதே, அதோட உச்சியிலே வெல்வெட் பொட்டு மாதிரி அஞ்சு புள்ளி இருக்கும், அது தாய்ப் பக்கம். அதுக்குக் கீழே மஞ்சள் பொடி, அது தகப்பன் பக்கம். உங்களுக்குத் தெரியும். தெரியும்னு எனக்கும் தெரியும். நான் சொல்றேன், கேளுங்க. நான் படிச்ச கான்வென்ட்டிலே, பாட்டனியிலே இந்த இடம் வந்ததும் சிஸ்டர் புத்தகத்தை மூடிட்டு, 'கேர்ள்ஸ், இதை வீட்டிலே படிச்சுக்குங்க'ன்னுட்டாங்க. நான் வீட்டிலேதான் படிச்சேன். பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, மொட்டை மாடியிலே, அவனோட பழைய பெயின்ட் பிரஷை வெச்சு.

காலையிலே பூ விரிஞ்ச கையோட பொடி எடுக்கணும், வெயில் ஏறினா வீண். இந்தச் செடிப் பொடியை அந்தச் செடிப் பொட்டிலே தடவி, காம்பிலே அடையாளத்துக்கு நூல் கட்டி விடணும். முக்கால்வாசி உதிர்ந்துடும். தங்கினது காயாகி வெடிக்கறதுக்குள்ளே பிடிக்கணும். விதையோட தோலை நெயில் கட்டராலே லேசாக் கீறி, ஊறப் போட்டு, முளைக்க வெச்சு, அது வளர்ந்து முதல் பூ காட்டறதுக்குள்ளே வருஷம் ஓடிடும். அப்பவும் என்ன வரும்? பெரும்பாலும் குப்பை. ஒரே காய்லே எடுத்த விதைங்க ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது, ஒரே வயித்திலே பிறந்த பிள்ளைங்க மாதிரிதான். எத்தனை செடியைப் பிடுங்கிப் போட்டிருப்பேன்! எங்க வீட்டுக்காரர் 'பாவம், விட்டுடேன், அதுவும் பூக்குதே'ம்பார். பூக்கறதெல்லாம் பூவா?

அப்புறம் ஒரு நாள் அது வந்துச்சு. நான் பல்லுத் தேய்ச்சுக்கிட்டே மாடிக்குப் போனவள் அப்படியே நின்னுட்டேன். வாயிலே நுரை, துப்பணும்னு தோணலை. அந்த நிறத்துக்குப் பேர் கிடையாது தம்பி. காலையிலே டீ. மதியம் செம்பு. சாயங்காலம் சுருங்கறப்போ பழைய பட்டுச்சேலை மடிப்புக்குள்ளே ஒரு நிறம் பதுங்கியிருக்குமே, அது. உலகத்திலேயே அப்படி ஒரு செடிதான். அதோட விதையைப் போட்டா அது வராது, வேற ஏதோ வரும். குச்சி எடுத்து ஒட்டுக் கட்டினாத்தான் உண்டு.

அதுக்கு என் பேரை வைக்கறதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். சிரிக்காதீங்க. இந்த வீடு அவர் பேரிலே. கேஸ் சிலிண்டர் அவர் பேரிலே. கல்யாணப் பத்திரிகை வந்தா 'திரு. ஜெகந்நாதன் குடும்பத்தார்'. நான் குடும்பத்தார்! வத்சலாங்கற பேர் கடைசியா எங்கே அச்சிலே வந்துச்சு தெரியுமா? பள்ளிக்கூட மாகசின்லே, ஓவியப் போட்டி, ஆறுதல் பரிசு. பூவுக்கு 'வத்சலா'. அட்டையிலே பெரிசா எழுதி, அந்தக் கண்காட்சி மேஜையிலே, எல்லாரும் குனிஞ்சு படிக்கற மாதிரி. அவ்வளவுதான் எனக்கு வேணும். இதை யார்கிட்டேயும் வாயைத் திறந்து சொல்லலை. சொன்னா அல்பமாத் தெரியும்.

இப்போ தெய்வானைக்கு வர்றேன். இந்த மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு. நெகமத்துப் பக்கத்துப் பொம்பளை. வீட்டுக்காரர் மயில்சாமி, கணபதி ஏரியாவிலே மோட்டாருக்குக் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கார். நல்ல மனுஷர், பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள். குடிவந்த அன்னைக்கே மதில் மேலே தலையை நீட்டி, "ஏனுங்க்கா, இங்க நல்ல தண்ணி எப்பங்க்கா உடுவாங்க?"ன்னாள். அக்கா! அவளுக்கு என்னைவிட வயசு கூட. ஆதார் கார்டைக் கொண்டா பார்க்கலாம்னு சொல்ல முடியுமா? மேனர்ஸ்னு ஒண்ணு இருக்கே. அன்னையிலேர்ந்து அக்காதான். வத்தல் போட்டா எனக்கு ஒரு டப்பா. ஊர்லேர்ந்து இளநி வந்தா எனக்கு ரெண்டு. எனக்குக் காய்ச்சல்னா என்னைக் கேட்காமலேயே கொள்ளு ரசம். ஒரு மனுஷியை மூச்சு விட விடமாட்டாள். டப்பாவைக் காலியாத் திருப்பித் தரக் கூடாதுன்னு நானும் பிஸ்கட் போட்டுத் தருவேன். கடையிலே வாங்கின பிஸ்கட்தான்.

மருமகளுக்குப் பிரசவம் வந்தது. அவ அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், நான்தான் புனே போகணும்னு ஆச்சு. நம்மை மாதிரி வளர்க்கறவங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். புது ரகம் கையிலே இருந்தா, அதிலே ஒரு ஒட்டுச்செடி வேற வீட்டிலே இருந்தாகணும். ஒரு வீட்டிலே பூச்சியோ அழுகலோ வந்து போனாலும் இன்னொரு வீட்டிலே நிக்கும். அதனாலே கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஒட்டுக் கட்டினேன். வேலியிலே நிக்குமே நாட்டுச் சிவப்பு, அது ஒண்ணைத் தொட்டியிலே அடிச்செடியா வெச்சு, தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, என் பூவோட குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, பாலிதீன் சுத்தினேன். பிடிச்சு இலை விட்டதும் தொட்டியோட தெய்வானைகிட்டே கொடுத்தேன். "நான் வர்ற வரைக்கும் பார்த்துக்க, ஒரே இடத்திலே இருக்கக் கூடாது"ன்னேன். "என்ற கண்ணாட்டப் பாத்துக்கறேனுங்க்கா"ன்னாள். பார்த்துக்க வேண்டியதுதானே? அதோட நிறுத்த வேண்டியதுதானே?

புனேயிலே பேரனைக் காலிலே போட்டுக் குளிப்பாட்டிட்டு இருக்கேன், ஃபோன் அடிக்குது. மருமகள் எடுத்து என் காதிலே வைக்கறாள்.

"அக்கா! நம்ம பூவுக்கு மொதப் பரிசுங்க்கா!"

நம்ம பூ. கேட்டுக்குங்க தம்பி, நம்ம பூ.

நான் இல்லாத நேரத்திலே செடி நிறைய மொட்டு விட்டுச்சாம். பூ வீணாப் போகக் கூடாதேன்னு கண்காட்சிக்குத் தூக்கிட்டுப் போனாளாம். வளர்த்தவர் தெய்வானை மயில்சாமின்னு அட்டை. "பூவோட பேரு என்னன்னு கேட்டாங்க்கா, எனக்கென்னங்க்கா தெரியும், அக்கா வந்து சொல்லுவாங்க, அந்த எடத்தை மட்டும் உட்டுருங்கன்னுட்டேன்"னு ஒரே சிரிப்பு. என்ன அலட்சியம் பாருங்க! பரிசு வாங்கற பூவுக்குப் பேர்கூட எழுதாம விட்டுட்டு வந்திருக்காள். பேர் இல்லாத இடத்திலே ஜனங்க என்ன பேர் வைக்கும்? 'தெய்வானை செம்பருத்தி.' ஏரியா வாட்ஸ்அப் குரூப்பிலே அன்னைக்குப் பூரா அதேதான். தெய்வானை செம்பருத்தி சூப்பர், தெய்வானை செம்பருத்திக்கு வாழைப்பழத் தோல் தண்ணி ஊத்தினீங்களா, கைதட்டற பொம்மை, மாலை போட்ட பொம்மை. 

சோப்புக் கையோட நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கங்கிராஜுலேஷன்ஸ், தெய்வானை." அப்படித்தான் எங்களை வளர்த்தாங்க. கத்தறது, மூக்கைச் சிந்தறது எல்லாம் எங்க பள்ளிக்கூடத்திலே கிடையாது. பேரனைத் துடைச்சு, பவுடர் போட்டு, தூங்க வெச்சேன். அவன் தூங்கறதுக்குள்ளே என்ன பண்ணணும்னு முடிவாயிடுச்சு.

ஊருக்கு வந்தேன். பெட்டியைக்கூடத் திறக்கலை, கையிலே ஒரு ஹாட்பேக்கைத் தூக்கிட்டு வந்து நிக்கறாள். பரிசாம். "இது உங்குளுக்குத்தானுங்க்கா. நான் சும்மா தூக்கிட்டுப் போனவதானுங்களே"ன்னாள். எவ்வளவு சாமர்த்தியம்! என் பூவைத் தூக்கிட்டுப் போய்க் கைதட்டு வாங்கிட்டு, எனக்கு சப்பாத்தி வைக்கற டப்பா. பிச்சை போடற மாதிரி. "அதெல்லாம் வேண்டாம், நீயே வெச்சுக்க, உன் திறமைக்குக் கிடைச்சது"ன்னேன். அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. குத்தினது உள்ளே போயிருக்கும்.

அப்புறம் அவளே வந்து கழுத்தை நீட்டினாள். நான் தேடிப் போகலை, அதைக் குறிச்சு வெச்சுக்குங்க.

ஆடி முடிஞ்ச சமயம். மதில் மேலே தலை. "அக்கா, செடிக்கு அடியிலயிருந்து ரெண்டு வாது கெளம்பியிருக்குதுங்க. நல்லாக் கொழுகொழுன்னு வருது. மேல இருக்கறது என்னமோ சுருண்டு நிக்குது. என்ன பண்றதுங்க்கா?"

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டு முடிச்சுக்குக் கீழேர்ந்து வர்றது எல்லாம் அடிச்செடியோட தளிர். நாட்டுச் சிவப்பு. பார்த்த உடனே கட்டை விரலாலே அமுக்கி ஒடிச்சு எறியணும். விட்டா மேலே போற சத்தையெல்லாம் அது குடிச்சுட்டு, ஒட்டின குச்சியைப் பட்டினி போட்டுடும். மேலே இருக்கறது சுருண்டது எதனாலே? மாவுப்பூச்சி. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து ரெண்டு தடவை அடிச்சா நிமிர்ந்துடும். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் சொன்னேன்: "அடியிலே வர்றதுதான் புது ரத்தம். அதைத் தொடாதே. மேலே இருக்கறது கிழடு தட்டிப் போச்சு. அந்த முடிச்சு தெரியுது பார், அதுக்கு மேலே சுத்தமா வெட்டி எடுத்துடு. அடுத்த கண்காட்சிக்குப் பார், கூடை நிறையப் பூக்கும்."

"முழுசுமாங்க்கா? பாவமா இருக்குதுங்களே."

"செடிகிட்டே பாவம் பார்த்தா செடி வளராது தெய்வானை."

வெட்டினாள். நான் இந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டே பார்த்தேன். ஒவ்வொரு கிளையா வெட்டி, எதையும் வீசாம, தொட்டிக்குப் பக்கத்திலே வரிசையா படுக்க வெச்சாள். பைத்தியம்.

அது வளர்ந்தது பாருங்க ஒரு வளர்த்தி! நாட்டுச் சிவப்பு வேற எப்படி வளரும்? ஒரு நாள் கேட்டாள், "அக்கா, எலையே வேற மாதிரி இருக்குதுங்களே?" "இளசு, முத்தினா மாறும்." கண்காட்சிக்கு முதல் நாள் தொட்டியைத் தூக்கி மதில் மேலே வெச்சுக் காட்டறாள். "மொட்டு நுனி செவப்பாத் தெரியுதுங்க்கா." "வெயில் பட்ட மொட்டு அப்படித்தான் இருக்கும். விரிஞ்சா சரியாயிடும்." நம்பினாள். நான் சொன்னா எதையும் நம்புவாள் அவள். அவ்வளவு முட்டாள்.

அந்த வருஷம் கண்காட்சிக்கு நான் செடி வைக்கலை. பட்டுப் புடவை கட்டிக்கிட்டு, பார்வையாளரா முதல் வரிசையிலே உட்கார்ந்தேன். போன வருஷ முதல் பரிசுங்கறதாலே அவ தொட்டிக்கு நடு மேஜை. சுத்தி ஜனம், எல்லார் கையிலும் ஃபோன். அவளும் நல்ல சேலையிலே, தலையிலே பூ, பக்கத்திலே மயில்சாமி இஸ்திரி போட்ட சட்டையிலே. வெயில் ஏற ஏற ஒண்ணொண்ணா விரிஞ்சது. சிவப்பு. ரத்தச் சிவப்பு. எல்லாம் வேலிச் செம்பருத்தி. தொட்டி நிறைய.

நடுவரா வந்த ஒருத்தர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தார். "இதுதானாம்மா அந்த அபூர்வம்? எங்க வீட்டுக் கோழிக்கூண்டுகிட்டே நிறைய நிக்குதே"ன்னார். ஒரு சிரிப்பு கிளம்பிச்சு பாருங்க அந்த ஹாலிலே! "போன வருஷம் பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்திருப்பாங்களோ?" "அம்மா, இதைத் தலைக்குத் தேய்ச்சா முடியாவது வளரும்!" நான் சிரிக்கலை. கைக்குட்டையை வாயிலே வெச்சுக்கிட்டேன். என் வாழ்க்கையிலே அவ்வளவு நிறைவா ஒரு காலைப்பொழுது இருந்ததில்லை தம்பி. என் கல்யாணத்தன்னைக்குக்கூட இல்லை.

அவள் அழலை. குனிஞ்சு, தண்டை அடியிலேர்ந்து விரலாலே தடவிக்கிட்டே மேலே வந்தாள். ஒட்டு முடிச்சுகிட்டே விரல் நின்னுது. பூத்த கிளையெல்லாம் முடிச்சுக்குக் கீழேர்ந்து வந்தது. மேலே ஒண்ணுமே இல்லை, வெட்டின தழும்புதான். நிமிர்ந்து, அந்தக் கூட்டத்திலே என்னைத் தேடிக் கண்டுபிடிச்சாள். ஒரு பார்வை. நான் புடவை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டேன். மடிப்பு கலைஞ்சிருந்தது.

மறுநாள் மதிலுக்கு வரலை. கேட்டைத் திறந்து, வாசலுக்கு வந்து, பெல் அடிச்சாள். இத்தனை வருஷத்திலே அவ பெல் அடிச்சு நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க மேடம்"னாள்.

மேடம். எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை வருஷமா எதிர்பார்த்தேன், அந்த அக்கா ஒழியட்டும்னு. ஒழிஞ்சது. நிம்மதி. காதுக்கு என்னவோ மாதிரி இருந்தது, பழக்கமில்லாததாலே.

"நம்ம பூவுல ஒரே ஒரு குச்சி குடுங்க மேடம். ஒரே எடத்துல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. மறுக்கா ஒட்டுக் கட்டி வெச்சுக்கறேன். நான் எங்கயும் தூக்கிட்டுப் போக மாட்டேனுங்க. வீட்டுலயே இருக்கட்டும்."

"ஒரு இலைகூடக் கிடையாது."

"சரிங்க மேடம்."

அவ்வளவுதான். போயிட்டாள். தொட்டியைத் தூக்கிக் குப்பையிலே போடுவாள்னு எதிர்பார்த்தேன். மண்ணிலே வெச்சாள். சரியா என் மதிலோரம், நான் மாடி ஏறினா கண்ணிலே படற இடத்திலே. வேணும்னேதான் வெச்சிருக்காள். இல்லை, அங்கேதான் வெயில் வரும், அதுவும் இருக்கலாம்.

அதோட கதை முடிஞ்சிருக்கணும். நான் ஜெயிச்சாச்சு. மாடியிலே என் தாய்ச்செடி ஜம்முனு நிக்குது. அடுத்த வருஷம் மேஜை, அட்டை, பேர். ஆனா இந்த வீட்டிலே ஜெகந்நாதன்னு ஒருத்தர் இருக்கார். மாடித் தளம் ஊறுதுன்னு யாரோ சொன்னாங்களாம், எனக்குத் தெரியாம ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலேயும் ஒரு பிளாஸ்டிக் தட்டு வெச்சுட்டார். ஐப்பசி மழை. செம்பருத்திக்குத் தண்ணி வேணும், ஆனா கால் நனைஞ்சுக்கிட்டே நிக்கக் கூடாது. தட்டிலே தேங்கி, வேர் அழுகி, இலை மஞ்சளாகி, நான் பார்க்கறப்போ தண்டு அடியிலே கறுத்துப் போச்சு.

ஏன் முன்னாடியே பார்க்கலைன்னு கேட்கறீங்க. அவரும் அதையேதான் கேட்டார். "நீதானே தினம் மாடிக்குப் போவே?"ன்னு. நான் கொஞ்ச நாளா மாடிக்குப் போகலை. மாடியிலே நின்னா அவ முற்றம் தெரியும். அவ எந்நேரமும் அங்கே எதையாவது காயப் போட்டுக்கிட்டு நிப்பாள். பயமா? எனக்கென்ன பயம்? பார்க்கப் பிடிக்கலை, அவ்வளவுதான். தட்டு வெச்சது அவர். தட்டு இல்லேன்னா ஒண்ணும் ஆகியிருக்காது.

ஆக, உங்க கேள்விக்குப் பதில்: அந்தப் பூ இப்போ எங்கேயும் இல்லை. என்கிட்டேயும் இல்லை, அவகிட்டேயும் இல்லை. ஆனா அவகிட்டே இல்லை பாருங்க, அதுதான் முக்கியம்.

எழுந்திருக்காதீங்க. உட்காருங்க. இன்னும் முடியலை.

வாங்க, சமையல்கட்டு வழியா வாங்க. தலை இடிக்கும், குனிங்க. இது என்ன தெரியுதா? ஆமாம், அதேதான். அழுகின வரைக்கும் வெட்டித் தள்ளிட்டு, நல்லா இருந்த கட்டையை மணல்லே நட்டு, மேலே கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து, இந்த ஜன்னலோரம் வெச்சேன். வேர் விடலை, விடவும் விடாது. ஆனா கட்டையிலே மிச்சமிருந்த உயிரிலே மூணு துளிர் வந்தது. ஒண்ணை எடுத்து, பாக்கெட்டிலே விக்கறாங்களே நாட்டுச் சிவப்பு, அதிலே ஒட்டினேன். காய்ஞ்சு போச்சு. பாக்கெட் செடி, ஈர்க்குச்சி மாதிரி தண்டு, அதுக்கே தெம்பில்லை, இன்னொண்ணைத் தூக்கிச் சுமக்குமா? இன்னொரு தடவை முயற்சி பண்ணினேன். அதுவும் போச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. கட்டை சுருங்கிக்கிட்டே வருது. இந்த வாரத்துக்குள்ளே நல்ல அடிச்செடியிலே ஏறலைன்னா இதுவும் போயிடும். முத்தின நாட்டுச் சிவப்பு இருக்கான்னு இந்த வரிசையிலே எல்லா வீட்டிலேயும் கேட்டுட்டேன். ஒருத்தர் கார் நிறுத்தறதுக்கு வெட்டிட்டார், இன்னொருத்தர் டைல்ஸ் போட்டுட்டார். 

ஓசூருக்கு எடுத்துட்டுப் போறீங்களா? கூடாது. இந்தத் துளிர் இந்த ஜாடியை விட்டு அத்தனை தூரம் தாங்காது. தாங்கினாலும் தரமாட்டேன். குச்சியைக் கையிலே கொடுத்தா என்ன ஆகும்னு பார்த்தாச்சு.

என்ன ஜன்னல் வழியா அப்படிப் பார்க்கறீங்க?

ஆமாம். அதுதான் அவ செடி. மதில் மேலே வந்து நிக்குதே.

சொல்லாதீங்க. விரல் கனத்துக்குத் தண்டு, பச்சையாச் சாறு ஓடுது, மண்ணிலே வேர் ஆழமா இறங்கியிருக்கு, இதைவிட நல்ல அடிச்செடி கோயமுத்தூர் ஜில்லாவிலே கிடைக்காது. அதானே சொல்ல வர்றீங்க? எனக்குத் தெரியாதா? இத்தனை நாளா இந்த ஜன்னலிலே நின்னு நான் வேற எதைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்? அதை அப்படி வளர்த்ததே நான்தான். எங்க வீட்டுக்காரர்கூடச் சொன்னார், 'அந்தம்மாகிட்டே ஒரு வார்த்தை கேளேன்'னு. அன்னைக்கு அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பழைய சாதம்.

நீங்க போய்க் கேட்கறீங்களா? நான் உங்களைப் போகச் சொல்லலை. நீங்களாச் சொல்றீங்க. போறதுன்னா போங்க. நர்சரிக்காரன், வழியிலே பார்த்தேன், ஒரு ஒட்டுக் கட்டிப் பார்க்க ஆசைன்னு சொல்லுங்க. என் பேரை எடுக்காதீங்க. செருப்பு அந்தப் பக்கம்.

*

வந்துட்டீங்களா? என்ன சொன்னாள்? அப்படியே சொல்லுங்க, பூசி மெழுகாதீங்க.

வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "மேடம் அனுப்பினாங்களா?"ன்னு கேட்டாளா? இருக்கும். அவளும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்திருப்பாள்.

அப்புறம்?

"கட்டிக்கட்டுங்க. ஆனா ஒட்டுப் புடிச்ச பொறவு பேத்து எடுத்துட்டுப் போறதெல்லாம் கெடையாது. பூவு என்ற மண்ணுலதான் நிக்கோணும்."

ம்.

"பேரு அவங்க இஷ்டம், என்ன வேணா வெச்சுக்கட்டும். ஆனா கட்டறதுக்கு ஆளை அனுப்பக் கூடாது. அவங்களே எங்கூட்டு வாசப்படி ஏறி வரோணும்."

பார்த்தீங்களா? பார்த்தீங்களா தம்பி அவ திமிரை? நான் உருவாக்கின பூ, அவ வீட்டு மண்ணிலே! பூத்தா நான் அவ கேட்டைத் திறந்துக்கிட்டுப் போய்ப் பார்க்கணுமாம். 'வத்சலா'ன்னு பலகை எழுதி அவ முற்றத்திலே நடணுமாம். வர்றவங்க போறவங்க எல்லாம், 'யாரு இந்த வத்சலா?'ன்னு அவளைத்தானே கேட்பாங்க! அவ வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். நெகமத்துப் பொம்பளைக்கு இவ்வளவு மூளை இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை. கணக்குத் தீர்த்துட்டாள். உட்கார்ந்த இடத்திலேர்ந்தே தீர்த்துட்டாள்.

சிரிச்சுக்கிட்டே சொன்னாளா? முறைச்சுக்கிட்டா? சாதாரணமா? சாதாரணமான்னா எப்படி? கொள்ளு வறுத்துக்கிட்டே சொன்னாளா. ஓ.

இது காயட்டும்னு விட்டுடலாம். எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லைன்னு ஆயிடும். அதுவும் ஒரு முடிவுதான். நல்ல முடிவு. பேசாம இந்த ஜாடியைத் தூக்கி...

அதைப் பிடிக்காதீங்க, நான் ஒண்ணும் தூக்கிப் போடலை. கவிழ்த்த ஜாடியை எடுக்கறேன். பிளேடு அந்த டிராயர்லே இருக்கு, புதுசா ஒண்ணு எடுங்க. பழசுலே சீவினா தண்டு நசுங்கும். பாலிதீன் நாடா, நூல். ஈரத் துணி அந்த ஆணியிலே. துளிரை நான்தான் எடுப்பேன், நீங்க தொடாதீங்க.

இந்தப் புடவை வேண்டாம், மாத்திட்டு வர்றேன். ஏன் மாத்தணும்? இதுவே போதும். அவளுக்கு இதுவே அதிகம். கையிலே எதையாவது கொண்டு போகணுமா? வெறுங்கையோடயா வாசப்படி ஏறறது? பிஸ்கட் இருக்கு. வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். இருங்க, காலையிலே ரவா லட்டு பிடிச்சேன். அவருக்குன்னு பிடிச்சது. ஒரு நாலு எடுத்து வெச்சாப் போதும். சரி, டப்பாவோடயே எடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கேட்டுக்குங்க. இவ்வளவோட நான் விட்டுடுவேன்னு நினைக்காதீங்க. ஒட்டுப் பிடிக்கும், நான் கட்டினா பிடிக்கும். பிடிச்ச பிறகு அந்தச் சிவப்பு சும்மா இருக்குமா? அடியிலேர்ந்து தளிர் தளிரா விட்டுக்கிட்டே இருக்கும். ஒடிக்க ஒடிக்க வரும், செடி இருக்கற வரைக்கும் வரும். எது தளிர், எது கிளைன்னு அவளுக்கு என்ன தெரியும்? நான் என்னைக்குச் சரியாச் சொல்லியிருக்கேன்? தினம் காலையிலே நானே போய், அந்த மண்ணிலே உட்கார்ந்து, என் கையாலே ஒடிச்சு எறிவேன். அவ வாசல்லே நின்னு பார்க்கட்டும், ஏன் ஒடிக்கறீங்கன்னு கேட்கட்டும், எத்தனை தடவை வேணும்னாலும் கேட்கட்டும்.

சொல்லித் தரமாட்டேன்.